மாப்பிள்ளை தேய்த்த கார்டு

ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்துக்கொள்ள வருஷத்துக்கு ஐம்பத்தொன்பதாயிரம் ரூபாய் என்று கேட்டதுமே கிருத்திகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை காலை. வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடி வீடு. இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேங்க்கிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கணவன் அஷ்வின் குளித்துக்கொண்டிருந்ததால் அவன் போனை இவள்தான் எடுத்தாள். "சாரோட ஏர்லைன் கார்டு ரினியூவல் மேடம். ஃபிஃப்டி தவுசண்ட், ப்ளஸ் ஜிஎஸ்டி," என்றாள் அந்தப் பெண், பால் பாக்கெட் விலை சொல்வது போல.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம், "அந்தக் கார்டை முதல்ல கேன்சல் பண்ணு. இந்த வீட்டோட ஒரு வருஷ மெயின்டனன்ஸ் அது," என்றாள்.

அஷ்வின் சிரித்தான். கார்டு விஷயத்தில் யார் எதைச் சொன்னாலும் அவனுக்கு அந்தச் சிரிப்பு வந்துவிடும். எந்தக் கார்டை எங்கே தேய்த்தால் எத்தனை மைல், அதாவது விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பாயிண்ட், சேரும் என்று பேசுவதற்கென்றே மூன்று டெலிகிராம் குரூப்பில் இருக்கிறான். ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்குப் பதினைந்து பேர் போனால் மொத்தப் பில்லையும் இவன் தேய்ப்பான். மற்றவர்கள் இவனுக்கு ஜிபே பண்ண வேண்டும். "உனக்கு இதோட அருமை தெரியல. உக்காரு, ஷீட்டைக் காட்டறேன். அப்புறம் நீயே ரினியூ பண்ணச் சொல்லுவே," என்று லேப்டாப்பைத் திறந்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கிருத்திகாவுக்கு நல்லது, ஆனால் நியாயமில்லை. அந்தக் கார்டு சேர்த்த மைல்களில் பிப்ரவரியில் இரண்டு பேரும், போகும் வழி மட்டும் பிசினஸ் கிளாஸில், சூரிக் போவதாக ஏற்பாடு. கல்யாணமாகி ஆறு வருஷம், அதற்காக. படுக்கையாக நீளும் அந்த சீட்டை அவள் யூட்யூபில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். கோட்டுகூட வாங்கியாகிவிட்டது. "பிசினஸ் கிளாஸே ஃப்ரீ," என்று ஆபீஸில் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல்தான்.

ஷீட்டில் வரிசையாக இருந்தது. பெட்ரோல், மளிகை, சாப்பாட்டு ஆர்டர், இன்ஷூரன்ஸ். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இருபத்தோராயிரம் மைல். அதற்குக் கீழே மஞ்சள் அடித்த ஒரு வரி: லாவண்யா கல்யாணம், இருபத்தேழு லட்சம், எண்பத்தோராயிரம் மைல். பெரிய தொகை செலவழித்ததற்கு போனஸாக இன்னும் ஐம்பதாயிரம்.

"பாத்தியா?" என்றான் அஷ்வின். "இந்த மஞ்சள் வரி இல்லேன்னா கார்டு வேஸ்ட்தான், ஒத்துக்கறேன். ஆனா இந்த வரி இருக்கே." அதைத் தடவிக்கொடுப்பது போலத் திரையில் விரல் வைத்தான். கையிலிருந்த தங்க பிரேஸ்லெட் லேப்டாப் விளிம்பில் பட்டு 'டிங்' என்றது.

லாவண்யா கிருத்திகாவின் தங்கை. போன வருஷம்தான் கல்யாணம். அவர்கள் அப்பா சுந்தரம் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். பிஎஃப், கிராஜுவிட்டி, நெலமங்களாவில் வாங்கிப் போட்டிருந்த ஒரு வீட்டு மனை, எல்லாம் சேர்ந்து அந்தக் கல்யாணமாயிற்று. நகைக்கடைக்குப் போன அன்று அஷ்வின்தான் சொன்னான்: "நீங்க எதுக்கு மாமா செக்கும் கையுமா அலையணும்? எல்லாத்தையும் நான் தேய்ச்சுடறேன். நீங்க எனக்கு அனுப்பிட்டாப் போதும்." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கஷ்டம் வரக்கூடாதென்று முதல் நாளே பணத்தை அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் அன்று பில் போடும்போது நிமிர்ந்து பார்த்தார். "கார்டா சார்? எரடு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகுத்தே." நகை மட்டும் பதினாறு லட்சம். இரண்டு பர்சென்ட் என்றால் முப்பத்திரண்டாயிரம். அப்பா ஒரு நொடிதான் யோசித்தார். "பரவால்ல, போடுங்க, மாப்பிள்ளை சொல்லிட்டாரு," என்று அதையும் தானே கொடுத்தார்.

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மூத்த மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். முன்னால் நின்று அத்தனை பில்லையும் கட்டியவர் அவர்தான் என்று பேச்சு. அப்பா மேடைக்குக் கூப்பிட்டு மூன்று பவுனில் பிரேஸ்லெட் போட்டார். கீழே நின்று கைதட்டியவர்களில் கிருத்திகாவும் ஒருத்தி.

இப்போது மஞ்சள் வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தாசரஹள்ளியில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். லாவண்யா ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறாள், ஜனவரியில் பிரசவம். அம்மா அப்பா இருவருக்கும் விசா வந்துவிட்டது. டிக்கெட்டுக்குத்தான் ஒருவருக்கு மட்டும் பணம் இருந்தது. லாவண்யா கொடுக்கிறேன் என்றாள், கிருத்திகாவும் கொடுக்கிறேன் என்றாள். "பொண்ணு குடுத்த எடத்துல கை நீட்டச் சொல்றியா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை அம்மாவுக்கு மட்டும் இருப்பதிலேயே மலிவான டிக்கெட் போடுவதாக ஏற்பாடு. நடுவில் ஏதோ ஒரு ஊரில் இறங்கி, ஐந்து மணி நேரம் காத்திருந்து, வேறு விமானம் மாற வேண்டும்.

அம்மா சீதாலட்சுமி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் தனியாகப் போனவள் இல்லை. அப்பா கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அதில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்: எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஃப்ராங்க்ஃபர்ட் கேட்டுக்கு வழி காட்டுங்கள். அம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஸ்கூல் புள்ள மாதிரி இருக்கேன்ல?" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, நடுவில் இறங்க வேண்டிய ஊரின் பெயரை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்தும் மறுநாள் மதியம் ஆபீஸில் அந்தப் படுக்கை சீட்டு வீடியோவைப் பார்த்தாள் கிருத்திகா. நினைக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தன்மேல் வந்த கோபம் அதிக நேரம் அங்கே தங்கவில்லை.

"இந்த மைல் யாரோடது அஷ்வின்?"

"நம்மளோடதுதான்."

"எங்கப்பா காசுல வந்தது எப்படி நம்மளோடதாகும்?"

அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். டெலிகிராம் குரூப்பில் விளக்கம் சொல்கிற குரல் வந்துவிட்டது. "பாயிண்ட்ஸ் காசு இல்ல கிருத்தி. அவர் செக்கா கட்டியிருந்தா இது யாருக்கும் கிடைச்சிருக்காது. காத்துல போயிருக்கும். நான் பிடிச்சேன். அவருக்கு என்ன நஷ்டம் சொல்லு?"

"முப்பத்திரண்டாயிரம்."

"எது?"

"நகைக்கடையில ரெண்டு பர்சென்ட். உன் ஷீட்ல எங்கே இருக்கு அது? காட்டு."

ஷீட்டில் அது இல்லை. பெட்ரோல் பங்க்கில் பிடித்த பதினோரு ரூபாய்க்குக்கூட ஒரு வரி இருந்தது, அப்பா கொடுத்த முப்பத்திரண்டாயிரத்துக்கு இல்லை. "அது அவர் கட்டினதாச்சே, என் செலவு இல்லையே," என்று சொல்ல ஆரம்பித்து, சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"பணத்தை முதல் நாளே அனுப்பினது அவர். எக்ஸ்ட்ரா கட்டினது அவர். அதுக்கு மேல உன் கைக்கு மூணு பவுன் போட்டதும் அவர். நீ என்ன பண்ணே? தேய்ச்சே. அதுல நீயும் நானும் சூரிக்குக்குப் படுத்துக்கிட்டே போறோம், எங்கம்மா கழுத்துல அட்டையைக் கட்டிக்கிட்டுப் போறாங்க."

"சரி, இரு. நான் டிக்கெட் போடறேன்னே வெச்சுக்கோ. மாமா வாங்கிக்குவாரா? நீயே கேட்டுப் பாரு. மாட்டேன்னுதான் சொல்லுவார்."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பா வாங்க மாட்டார் என்பது இவனுக்கு நன்றாகத் தெரியும். மாமனார் வாய் திறந்து கேட்க மாட்டார், கொடுத்தாலும் தொட மாட்டார் என்ற தெம்பில்தான் ஒரு வருஷமாக இவ்வளவு சாவகாசமாக இருந்திருக்கிறான். அப்பாவின் மரியாதையையே இவன் வசதியாக்கிக்கொண்டான். கிருத்திகா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏர்லைன் சைட்டைத் திற. பாஸ்வேர்ட் போடு."

போட்டான். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போகும் விமானத்தில் சாதாரண வகுப்பில் இடம் இருந்தது. இரண்டு பேர் போய்வர ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் மைல். இருந்ததோ ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். ஆனால் மைலில் யாருக்கு டிக்கெட் எடுத்தாலும் அவர் பெயர் 'குடும்பம்' என்ற பட்டியலில் இருக்க வேண்டுமாம், அதில் ஐந்து பேருக்குத்தான் இடமாம். கிருத்திகா பட்டியலைத் திறந்தாள். அஷ்வினின் அப்பா. அம்மா. அண்ணன் சரவணன். மனைவி கிருத்திகா. ஐந்தாவது பெயர் டென்சில், உறவு சகோதரன்.

"டென்சில் எப்போ உனக்குத் தம்பி ஆனான்?"

டென்சில் அவனுடைய ஆபீஸ் நண்பன். "கோவா போனப்போ போட்டேன். எடுத்துடலாம்," என்றான் அஷ்வின் குரல் இறங்கி.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கிருத்திகா டென்சிலை நீக்கினாள். இன்னும் ஒரு இடம் வேண்டும். "அண்ணனை எடுத்தா அவன் கேப்பான்..." என்று அஷ்வின் இழுத்தான். அவனுடைய அப்பா அம்மாவை எடு என்று இவளும் சொல்லப் போவதில்லை. அவள் தன் பெயருக்கு எதிரில் இருந்த பெட்டியை அழுத்தினாள். 'இந்த உறுப்பினரைக் குடும்பத்திலிருந்து நீக்கவா?' என்று திரை கேட்டது.

"ஏய், என்ன பண்றே? அப்புறம் சூரிக்?"

"ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"கிருத்தி, யோசிச்சு..."

"ஓடிபி சொல்லு அஷ்வின்."

அவன் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் பெயர் மறைந்தது. காலியான இரண்டு இடத்திலும் சுந்தரம், சீதாலட்சுமி என்று அடித்தாள். உறவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, சகோதரன், சகோதரி எல்லாம் இருந்தது, மாமனார் மாமியார் இல்லை. கடைசியில் 'மற்றவர்' என்று ஒன்று இருந்தது. இருபத்தேழு லட்சம் கொடுத்தவர் மற்றவர். பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழுத்தினாள். பாஸ்போர்ட் நம்பர் கேட்டது. அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடுங்க. நீங்களும் அம்மாவோட போறீங்க. நேர் ஃப்ளைட். மைல்ல டிக்கெட் போடறோம்."

"யாரோட மைலும்மா?"

"அஷ்வின் கார்டுல சேந்தது."

"வேணாம்மா. மாப்பிள்ளை சேத்து வெச்சத நாம தொடறதா? அம்மா போயிட்டு வரட்டும், அட்டைகூட எழுதிக் குடுத்துட்டேன்." பிறகு அவரே தொடர்ந்தார். "ஆனா எவ்வளவு பெரிய மனசு பாரு மாப்பிள்ளைக்கு. போன தடவையும் அவர்தான் முன்ன நின்னாரு. இந்தத் தீபாவளிக்கு அவருக்கு ஒரு செயினாவது போடணும்."

கிருத்திகா அஷ்வினைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் போன் பக்கம் குனிந்து, "இருக்கட்டும் மாமா, இதுல என்ன இருக்கு," என்றான், அடக்கமாக.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்பா, நகைக்கடையில ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா கேட்டாங்களே, அதை யார் குடுத்தது?"

"நான்தான். ஏம்மா இப்போ?"

"அது எதுக்குன்னா, கார்டுல தேய்ச்சதுக்கு. தேய்ச்சா மைல் சேரும். லாவண்யா கல்யாணத்துக்கு நீங்க அனுப்பின காசுல சேந்த மைல்தான் இது. அஷ்வின் காசு ஒரு ரூபா இதுல கிடையாது. பொண்ணு வீட்டுக் காசு இல்லப்பா, உங்க காசு."

போனில் அப்பா வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. அஷ்வின் பிரேஸ்லெட்டை முழங்கைப் பக்கமாகத் தள்ளி, சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டான். பிறகு எதையாவது பேச வேண்டுமே என்று, "அப்ப ரினியூவல்?" என்று முணுமுணுத்தான்.

"நீயேதான் சொன்னியே, அந்த மஞ்சள் வரி இல்லேன்னா வேஸ்ட்டுன்னு. கல்யாணம் பண்ணிக் குடுக்க எங்கப்பாகிட்ட இனிமே பொண்ணு இல்ல. கார்டை வெட்டிடு."

போனில் அப்பா தொண்டையைச் செருமினார். பாஸ்போர்ட் நம்பரை நிறுத்தி நிதானமாகப் படித்தார், முதலில் அம்மாவுடையது, பிறகு தன்னுடையது. லேத்தில் பாதி மில்லிமீட்டர் பிசகினாலும் பாகத்தைத் தூக்கிப் போட்டவர், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னார். படித்து முடித்ததும், "மாப்பிள்ளை இருக்காரா?" என்றார்.

"இருக்கேன் மாமா."

இந்த ஆறு வருஷத்தில் சுந்தரம் மாப்பிள்ளையிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. "ஜன்னல் பக்கமா பாத்துப் போடுங்க மாப்பிள்ளை," என்றார் இப்போது. "நம்ம காசுதானே."

"சரி மாமா," என்றான் அஷ்வின். குனிந்த தலை நிமிராமல் ஜன்னல் சீட் எது எது காலி என்று தேட ஆரம்பித்தான்.