வாலில் பத்தொன்பது பேர்

ஏழு நாள் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் காலையிலேயே மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "ஏழு நாளையும் ஓட்டி முடிக்கிறவளுக்கு அடுத்த வருஷமும் அணியில இடம். நடுவுல கழண்டுக்கிறவ பையைத் தூக்கிட்டு நேரா வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் கணக்கில். அந்தப் பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்றதும் அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினாள். "இதுக்காடி அவ்வளவு படிச்சே?" என்று தினமும் ஒரு தடவை கேட்டாள். பையோடு திரும்பிப் போனால் வாசலிலேயே அந்தக் கேள்வி நிற்கும்.

ஆறாம் நாள் நூற்று நாற்பது கிலோமீட்டர். அதில் கடைசி ஆறு கிலோமீட்டர் மலையேற்றம். மொத்த நேரக் கணக்கில் எங்கள் கேப்டன் இரண்டாம் இடம், பதினான்கு நொடி பின்னால். முதலிடம் நீலச் சட்டை அணியின் கேப்டனுக்கு. என் வேலை சொல்வதற்கு எளிது. முன்னால் போய் எதிர்காற்றை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், கேப்டன் என் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வர வேண்டும். அவளுக்குத் தாகம் என்றால் பின்னால் வரும் எங்கள் அணிக் காருக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் ஏழு பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, நிறைமாசக்காரி மாதிரி மறுபடி முன்னால் வர வேண்டும். நூறு கிலோமீட்டர் வரை இதைச் செய்தேன். பிறகு கால் மறுத்துவிட்டது. முன்கூட்டம் என்னை உதறிவிட்டுப் போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படி உதிர்கிறவர்கள் எல்லாரும் பின்னால் ஒன்று சேர்ந்துகொள்வோம். அதற்கு வால் என்று பெயர். வாலில் அணி கிடையாது, பகை கிடையாது, ஒருத்தி பாட்டிலில் இன்னொருத்தி குடிப்பாள். எல்லாருக்கும் அங்கே ஒரே பயம்தான். ஜெயித்தவள் வந்து இருபத்தொன்பது நிமிடத்துக்குள் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் கெடு தவறினால் பந்தயத்தை விட்டே வெளியே.

வாலை இழுத்துக்கொண்டு போனது அக்கா. என் அணிதான், ஒரே அறைதான். வயது முப்பத்து நான்கு. பதினொரு வருடமாக ஓட்டுகிறாள். அவளை எல்லா அணிக்காரிகளும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பட்டதாரி வந்தாச்சு," என்றாள் என்னைப் பார்த்ததும். "வாடி, வந்து ஒட்டிக்கோ."

நீலச் சட்டைக்காரி ஒருத்தி சிரித்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "காலையிலேருந்து நீ இழுத்த இழுப்புல எங்களுக்கெல்லாம் நாக்குத் தள்ளிடுச்சு. கடைசியில நீயும் இங்கதான் வந்து விழுந்தே. இப்பதான் வயிறு குளிருது."

"வாயை மூடிட்டு மிதி. மூச்சு மிச்சமாகும்," என்றாள் அக்கா.

"வாயை மூடினா எனக்கு மூச்சே வராதுக்கா."

ஏற்றத்தின் அடியில் அக்கா கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த வேகத்துல போனா கெடு தாண்டி ஒரு நிமிஷம் ஆயிடும். இன்னும் வேகமா போகச் சொன்னா பாதிப் பேர் வழியிலேயே படுத்துடுவீங்க. ஆனா, கிளம்பினவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு பேர் கெடுவுக்கு அப்புறம் வந்து சேர்ந்தா யாரையும் வெளிய அனுப்பக் கூடாது. அதுதான் விதி. காலையில கிளம்பினது தொண்ணூத்தஞ்சு. அஞ்சுல ஒண்ணுன்னா பத்தொன்பது." திரும்பி விரலால் எண்ணினாள். "சரியா பத்தொன்பது பேர் இருக்கோம். ஒருத்தியும் முன்னால ஓடாதீங்க. ஒருத்தியும் குப்பை வண்டியில ஏறாதீங்க. ஒண்ணா போய் கோட்டைத் தாண்டறோம், அவ்வளவுதான்."

குப்பை வண்டி என்பது கடைசியில் வரும் வேன். இனி முடியாது என்கிறவர்கள் சைக்கிளோடு அதில் ஏறிக்கொள்ளலாம்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வால் நீண்டு போனது. அக்கா முன்னால், நான் ஐந்தாவது, பாதிப் பேர் இன்னும் வளைவுக்குக் கீழே. அப்போது எங்கள் இரண்டாவது கார் பக்கத்தில் வந்தது. மேனேஜர் கண்ணாடியை இறக்கினார்.

"பட்டதாரி." குரல் தாழ்ந்திருந்தது. "கீழ ஒருத்தி குப்பை வண்டியில ஏறிட்டா. இப்ப நீங்க பதினெட்டுதான். மொத்தக் கூட்டமும் வெளிய போகப் போகுது. உன் கால்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. கிளம்பு."

"அக்கா?"

"அவளால ஆகாது. சத்தமா சொன்னா கூட்டம் கலைஞ்சு ஒருத்தியும் தேற மாட்டீங்க. நீயாவது தப்பிச்சுக்கோ. போ."

இருக்கையை விட்டு எழுந்து மிதித்தேன். அக்காவைத் தாண்டும்போது, "ஏய், எங்கடி போற?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மூச்சில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோட்டைத் தாண்டியபோது கெடுவுக்கு ஒன்பது நொடி மிச்சம். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே சிரித்தேன். யாரோ தோளில் துண்டைப் போட்டார்கள்.

ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து வால் வந்தது. தோளோடு தோளாக, ஒருத்தியை ஒருத்தி முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாவம், வீணாக இவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினெட்டு.

பதினேழு வர வேண்டும். நான் போய்விட்டேன், இன்னொருத்தி ஏறிவிட்டாள். பத்தொன்பதில் இரண்டு போனால் பதினேழு. சட்டை நிறம் நிறமாகப் பிரித்து மறுபடி எண்ணினேன். பதினெட்டு. அவர்கள் பின்னாலேயே குப்பை வண்டி வந்து நின்றது. ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு சைக்கிள்கூட இல்லை.

"இன்னிக்கு யாரும் ஏறலம்மா," என்றார் டிரைவர். "நல்ல நாள்."

அப்படியென்றால் பத்தொன்பதில் குறைந்தது நான் ஒருத்திதான். துண்டைக் கீழே விட்டது நினைவில்லை. அரை மணியில் நடுவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். கெடு தவறியவர்கள் பதினெட்டு. விதிவிலக்குக்கு ஒருவர் குறைவு. பதினெட்டுப் பேரும் நீக்கம்.

நாங்கள் தங்கியிருந்தது விடுமுறைக்கு மூடிய ஒரு பள்ளி விடுதி. முற்றத்தில் மெக்கானிக் குழாயைப் பீய்ச்சி சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மேனேஜர் படியில் உட்கார்ந்து நாளைய பாதையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் வண்டியில ஏறல," என்றேன்.

"ம்."

"ஏறிட்டான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

மறுப்பார் என்றுதான் வந்திருந்தேன். கத்துவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். இப்படி ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவே இல்லை.

"அந்த வால்ல நீலச் சட்டைக்காரிங்க மூணு பேர் இருந்தாங்க," என்றார், வரைபடத்தை மடித்துக்கொண்டே. "நாளைக்கு அவங்க கேப்டனுக்குக் காத்து மறைக்க ஆள் பத்தாது. பதினாலு நொடி நம்மாளுக்கு ஒரு விஷயமே இல்ல. உன்னை ஒருத்தியை வச்சு மூணு பேரைத் தூக்கியிருக்கேன்."

"அக்காவையும் தூக்கியிருக்கீங்க."

"அவளுக்கு முப்பத்து நாலு."

"நான் வயசைக் கேக்கல."

"வேற என்ன கேக்கறே? கணக்குல பட்டம் வாங்கினவதானே நீ? திரும்பி ஒரு தடவை எண்ணிப் பார்க்கறதுக்கு என்ன? நானா கழுத்தைப் பிடிச்சிட்டிருந்தேன்?"

மெக்கானிக் குழாயை நிறுத்திவிட்டார். அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. வளைவில் கொஞ்சம் காத்திருந்து எண்ணியிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நடுவர்கள் அறைக்கு ஓடினேன். தலைமை நடுவர் கண்ணாடி போட்ட அம்மாள், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்க மேனேஜர் உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு எங்க விதியில ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப என்னையும் வெளிய சேர்த்து எண்ணுங்க மேடம். பத்தொன்பது ஆயிடும்."

"கெடுவுக்குள்ள வந்தவங்களை எப்படி வெளிய எண்ணறது? வேணும்னா நாளைக்கு நீங்க கிளம்பாம இருங்க, அது உங்க இஷ்டம். அதனால அவங்க யாரும் உள்ள வரப் போறதில்ல."

அறையில் அக்கா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீக்கப்பட்டவர்களை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட ஆறு மணிக்கு வேன்.

"அக்கா, அந்த ஆளு பொய் சொல்லிட்டாரு."

"மெக்கானிக் வந்து சொன்னாரு." ஈரச் சட்டையைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். "அவரு எப்பவும் அப்படித்தான். பதினோரு வருஷமா பார்க்கறேன். அவரை விடு. என்னைத் தாண்டித்தானே போனே? 'ஒருத்தி இறங்கிட்டாக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எண்ணிப் பார்த்துச் சொல்லியிருப்பேனே. ஏன்டி சொல்லல?"

மூச்சில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சொன்னா நீங்க நிக்கச் சொல்லிடுவீங்கன்னு."

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்து போனேன். அக்காவின் கை ஜிப்பின் மேல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அது சரி," என்றாள்.

பையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் தடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வேனில் மற்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பையை வாங்கிக்கொள்ள ஒரு கையும் நீளவில்லை. நானே உள்ளே தள்ளினேன். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

டிரைவர் தலைகளை எண்ணினார். "பதினெட்டு. சரியா இருக்கு." பிறகு அக்கா போட்டிருந்த அதே சட்டையில் கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். "நீங்களும் ஏறணுமாம்மா? இடம் இருக்கு."

கடைசியில் ரேடியோதான் பேசினாள்.

"அவங்க வர மாட்டாங்கண்ணே. அவங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கு."

ஆறு நாளாக என்னை வாடி போடி என்றவள். டிரைவர் கதவில் கையை வைத்துக்கொண்டு இன்னும் என்னைத்தான் பார்த்தார். நான் ஏறவில்லை. அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.