வரலட்சுமி வைத்த பெயர்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாலாம் நாள், மதியம் இரண்டரை மணிக்கு, காட்டுப்பாக்கம் செல்லியம்மன் நகரில் எத்திராஜின் மீசையில் பனி உறைந்தது. ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை முடிந்து, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போது அது நடந்தது. இஸ்திரி வண்டி துலுக்கானம் பார்த்தார், எதிர்வீட்டு ஆக்னஸும் பார்த்தாள். உப்பு ஒட்டினாற்போல இருந்தது என்றார் துலுக்கானம். ஃப்ரீசர் ஓரத்தில் படியுமே, அந்த மாதிரி என்றாள் ஆக்னஸ். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்பதுதான் தெருவில் பெரிய பேச்சு என்பதால் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எத்திராஜ் வீட்டுக்குள் போய், பல் கிட்டிக்கொள்ள, போர்வை கேட்டார்.

அவர் மனைவி வரலட்சுமி அந்த நேரத்தில்தான் டேப்லெட்டை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். ஓசூருக்கு வேலைக்குப் போன மகள் யுவராணி விட்டுச்சென்ற பழைய டேப்லெட் அது. மீன் குழம்பு செய்முறை பார்க்கத்தான் ஐம்பத்திரண்டு வயதில் அதைக் கையில் எடுத்தாள். எடுத்த கை ஒரு நாள் மகள் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டைத் தொட்டுவிட்டது. அதில் நாமே ஓர் ஆளைச் செய்து, அவனுக்குப் பெயர் வைத்து, காடு மலை என்று அனுப்பி, சண்டை போட வைத்து, சாப்பாடு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். வாள் வைத்த வீரனைத் தேர்ந்தெடுத்தாள். பெயர் என்ன என்று திரை கேட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் வரலட்சுமி புருஷன் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது ஆக்னஸைத் துணைக்கு அழைத்துப்போய் அவளைச் சொல்ல வைப்பாள். ஆனால் எழுதுவது சொல்வது ஆகாதே. எழுத்து எழுத்தாக அழுத்தினாள். எத்திராஜ் என்று திரையில் தங்க நிறத்தில் அது மின்னியபோது, திருட்டு மாங்காய் கடித்தவள் மாதிரி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த திரையில் மூன்று படங்கள் வந்தன. ஒன்று பூ, ஒன்று வாள், மூன்றாவது கொம்பும் நீட்டிய நாக்குமாக ஒரு பூத மூஞ்சி. புது வீடு கட்டினால் வாசலில் கட்டுவோமே, அந்தத் திருஷ்டி பொம்மை என்று நினைத்து, புருஷன் பெயருக்குக் கண்பட வேண்டாம் என்று நல்ல மனதோடு அதை அழுத்தினாள். கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதை அவள் படிக்கவில்லை. திருஷ்டி பொம்மைக்குக் கீழே யார் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வீட்டில் தனித்தனிச் செய்திகளாகவே வந்து சேர்ந்தன. விளையாட்டில் ஓநாய் கவ்விய மறுநாள் எத்திராஜின் கெண்டைக்காலில் நாலு பல் தடம் இருந்தது. நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு வந்தார், நாயைப் பார்த்த ஞாபகம்தான் அவருக்கு இல்லை. பச்சைக் குப்பி மருந்தை வீரனுக்குக் கொடுத்த வாரம் அவருடைய சர்க்கரை நூற்றுப்பத்துக்கு இறங்கியது, வெந்தயத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. சத்திரத்தில் வீரனைப் படுக்க வைத்த அன்று அவர் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் நாற்காலியிலேயே தூங்கி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மீசையில் பனியைப் பார்த்த பிறகுதான் வரலட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது. அந்த மதியம் வீரனைப் பனிமலைக் கணவாயில் ஏற்றிவிட்டிருந்தாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, எத்திராஜ் எதிரில் இருக்கும்போதே, வீரனை மூன்று முறை சுற்றவைத்தாள். தட்டில் கை வைத்திருந்த எத்திராஜ் எழுந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை சுற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மே இது, தல கிர்ருனுது" என்றார்.

வரலட்சுமி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தார், பிறகு டேப்லெட்டைக் கிணற்றில் போடு என்றார். கிணறு மூடி வருஷம் ஏழு ஆகிறது. யுவராணியைப் போனில் பிடித்தார்கள். விவரம் கேட்ட மகள் அந்தப் பொடி எழுத்தில் இருந்ததைச் சொன்னாள்.

"மா, நீ அழுத்தனது திருஷ்டி பொம்ம இல்லமா. அது ஒத்த உயிரு ஆட்டம். செத்தா செத்ததுதான், மறுக்கா வராது. அழிச்சா ஆளும் அழிஞ்சிடும். சும்மா வச்சா பசியில போயிடும், மூடி வச்சாலும் அதுல நாள் ஓடிக்கினேதான் கீது."

விளையாட்டில் வீரனின் பையைத் திறந்து பார்த்தார்கள். ஆறு ரொட்டி இருந்தது. உயிர் ஒட்டிக்கொண்டிருக்க மட்டும் நாளுக்கு இரண்டு. வந்த வழியைப் பனிச்சரிவு மூடிவிட்டிருந்தது. முன்னால் ஒரு கல்வாசல், அதை மறித்துக்கொண்டு கல்தோல் போர்த்த ஒரு மிருகம், நெற்றியில் ஒற்றைக் கண். அதைத் தாண்டினால் ஊர். வாசலுக்கு இப்புறம் ஒரு குடிசை, அதில் ஓலையும் எழுத்தாணியுமாக ஒருவன். அவன் ஆளின் பெயரை மாற்றித் தருவான், ஆனால் ஒரே ஒரு தடவைதான். வீரனுக்கு இப்போது இருக்கும் பலத்தில் மிருகத்தோடு மோதினால் பத்தில் எட்டு தடவை சாவுதான் என்று யுவராணி கணக்குச் சொன்னாள். ஆக மூன்று நாள். அதற்குள் அந்தப் பெயரை எத்திராஜின் தலையிலிருந்து இறக்கி வேறு யார் தலையிலாவது வைத்தாக வேண்டும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று துலுக்கானம் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். காட்டுப்பாக்கத்தில் இன்னும் இரண்டு எத்திராஜ்கள் உண்டு, அவர்கள் மீசையில் ஒன்றும் உறையவில்லை. எழுதுகிறவள் யாரை நினைத்து எழுதுகிறாளோ அவருக்குத்தான் போய்ச் சேர்கிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கிலி பிடித்தது, ஏனென்றால் வரலட்சுமிக்குத் தெருவில் எல்லோரையும் தெரியும். தன் பெயரை வைக்க வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து வீட்டு ஃபெலிக்ஸ் மனுவாகவே எழுதி, ஞானஸ்நானப் பெயர், கூப்பிடும் பெயர் இரண்டையும் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். தெருக்கோடிப் பாண்டியன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். சாமி பெயரை வைக்கலாமே என்று ஒருத்தி ஆரம்பித்தாள், தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர் என்று மற்றவர்கள் அவள் வாயை அடைத்தார்கள். வாசற்படியில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, உள்ளே பாயில் படுத்திருந்த புருஷனின் விலா எலும்பு காலையைவிட எத்தனை தெரிகிறது என்று வரலட்சுமி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ்தான் சாயங்காலம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் புருஷன் இக்னேஷியஸ் பெயரை வைத்துக்கொள் என்றாள். செத்தவருக்கு இனி என்ன ஆகிவிடப்போகிறது என்றாள். வரலட்சுமிக்கு உயிர் வந்தது. ஆனால் விடிந்ததும் ஆக்னஸ் கண் வீங்கி வாசலில் நின்றாள்.

"வாணாம்க்கா. இங்கதான் லோல்பட்டாரு. அங்க போயும் ரெண்டு சோத்துக்கு அவர சண்ட போட வைக்கணுமா?"

வரலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். மூன்றாம் நாள் கடைசி ரொட்டி. எத்திராஜால் எழுந்து உட்கார முடியவில்லை. வாய்க்கு எட்டிய சாதம் தொண்டைக்குக் கீழே எங்கேயோ காணாமல் போய்க்கொண்டிருந்தது. பகடைப் படத்தை அழுத்தினால் விளையாட்டே யாருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தரும் என்று யுவராணி சொன்னாள். அழுத்தினாள். உறுதி கேட்பதற்கு முன்னால் தோர்வால் என்று காட்டியது. படித்த உடனே செம்பட்டைத் தாடியோடு ஒருவன் முகம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டு ஒருத்தி நிற்பதும் தெரிந்தது.

"அவனுக்கும் ஊட்ல ஒருத்தி கீறாளே யுவா" என்றாள்.

"அதெல்லாம் யாரும் இல்லமா. சும்மா பேருமா அது."

"நான் பாத்துட்டேன்டி."

போனை வைத்துவிட்டு, முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு, குடிசைக்காரனிடம் போய், தன் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட ஆங்காங்கே எழுதியது தவிர, அதை அவள் எங்கேயும் எழுதியதில்லை. யாரையாவது நினைத்துத்தான் எழுத வேண்டும் என்பதால், பிறந்தது முதல் தன்னை ஒருமுறை கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டாள். உறுதிதானா என்று அவன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் ஆமாம் என்றாள்.

பாயிலிருந்து ஏப்பச் சத்தம் வந்தது. எத்திராஜ் எழுந்து உட்கார்ந்து, குழம்பு மீதம் இருக்கிறதா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தார். வரலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாரித்து, புருவத்தில் பனியோடு. டேப்லெட் மடியிலிருந்து வழுக்கிக் கீழே கிடந்தது. விரல் பத்தும் மரத்துப்போய் அவளால் அதை எடுக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தானே அந்த ஆள் ஆகிவிட்டால் அந்த ஆளை நடத்துவது யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. யுவராணி பஸ் பிடித்து வந்து சேர ராத்திரி ஆகும், அதற்குள் ரொட்டியின் பலம் தீர்ந்துவிடும். ஓடிவந்த ஆக்னஸ் அதைத் தொடவே பயந்தாள்.

எத்திராஜ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் இரும்பு கடையும் லேத் ஓட்டிய மனிதர். போனில் பச்சைப் பொத்தான் தவிர வேறெதையும் அழுத்தியதில்லை. கல்யாணமான நாளாக அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து கொடுத்தவரும் இல்லை. வரலட்சுமி என்று பொன்னெழுத்தில் மின்னிய ஆளின் மேல் கட்டைவிரலை வைத்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கட்டைவிரலால் நடக்கணும், வலதால் வெட்டணும், மிருகம் கண்ணை மூடும்போது விலகணும் என்று பல் அடித்துக்கொள்ள அவள் சொன்னாள்.

மணி நாலுக்குக் கல்வாசலுக்குப் போனார்கள். முதல் அடியிலேயே மிருகம் அவளை எற்றித் தள்ளியது. அவள் சுவரோடு மோதி, மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. இரண்டாவது அடியில் முன்னங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஆக்னஸ் பஞ்சை வைத்து அழுத்தினாள். எத்திராஜ் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதய்யா. அத்தப் பாரு."

பார்த்தார். ஐந்தாறு அடிக்குப் பிறகு அவருக்குப் பிடிபட்டது. கட்டர் இரும்பை எவ்வளவு தொடலாம், எந்த மூச்சில் கையை இழுத்துவிட வேண்டும் என்று தெரிந்த கை அது. தொட்டார், இழுத்தார். தொட்டார், இழுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டு வாசலில் தெருவே நின்றது. அவளுடைய உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நகக்கணு அளவுக்குத் தேய்ந்தது. அவள் மூச்சு விடுவது தெரியவில்லை. எத்திராஜுக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. ஒற்றைக் கண் மூடியதும் விலகி, அது திறக்கும் முன் அவர் கடைசியாகத் தொட்டார். மிருகம் சரிந்தது. வரலட்சுமி பெருமூச்சு விட்டு, முகமெல்லாம் பனி உருகி ஓட, தாகமாக இருக்கிறது என்றாள். எத்திராஜ் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் மோந்து வந்தார்.

கல்வாசலைத் தாண்டிய ஊரில் ஒரு சத்திரம் இருந்தது. அதற்குள் யாரையும் யாரும் தொட முடியாது, பசியும் கிடையாது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று வந்து சேர்ந்த யுவராணி சொன்னாள். எத்திராஜ் வரலட்சுமியை அங்கே ஒரு கட்டிலில் உட்கார வைத்து, இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்தார். காயம் ஆறியது, முட்டிவலிகூடப் போயிற்று. பதினைந்தாம் நாள் வரலட்சுமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். சத்திரத்து ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. பாய்மரம் கட்டிய ஒரு படகு நின்றது.

"கதவத் தொற" என்றாள்.

"வெளிய போனா மறுபடி அடிதான். இங்க சோறு கீது, கூரை கீது, ஒரு பயமும் இல்ல. இன்னா கொறச்ச உனக்கு?"

"முப்பத்தோரு வருசமா அங்கதான்யா கீறேன்."

எத்திராஜ் கட்டைவிரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. செல்லியம்மன் நகரில் இப்போது இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வரலட்சுமி தலையில் சில நாள் கடல் உப்பு படிந்திருக்கும், சில நாள் தோளில் புதிதாக ஒரு தழும்பு இருக்கும். இன்றைக்கு எந்த ஊர் என்று ஆக்னஸ் கேட்பாள், அவளும் சொல்வாள். உயிர் இன்னும் ஒன்றுதான், எந்த நாளும் அது போகலாம் என்பது எத்திராஜுக்குத் தெரியும், அவருக்கு அந்தப் பயம் விட்டபாடில்லை. தினமும் மதியம் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, நாலு மணிக்குக் கை கழுவிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போலாமா வரலட்சுமி என்று கேட்பார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே செருப்பை மாட்டிக்கொண்டு, வந்து பக்கத்தில் உட்காருவாள்.