மேல் தட்டு வடக்கு

எங்கள் ஆய்வகத்தின் குளிரறையில் மேல் தட்டு வடக்கு, கீழ் தட்டு தெற்கு. உலகப்படத்தில் இருக்கிற மாதிரியே. வடதுருவத் தீவு ஒன்றில் துளைத்தெடுத்த பனித்துண்டுகள் மேலே, தென்துருவத்துத் துண்டுகள் கீழே. பைகளில் ஆழத்தை மட்டும் பென்சிலால் எழுதுவோம். மைனஸ் இருபதில் பேனா மை உறைந்துவிடும். எந்தத் துருவம் என்று எழுத வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிடும் என்று சட்டம் போட்டவள் நான்தான். பதினோரு வருஷமாக அந்த அறைக்கு நான் வைத்ததுதான் சட்டம்.

முந்தாநாள் குளிரறையின் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. பதறியடித்துக்கொண்டு பன்னிரண்டு துண்டுகளையும் பக்கத்திலிருந்த, மேலே மூடி திறக்கிற உறைபெட்டிக்கு மாற்றினேன். ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர். நேற்று மாலை வேலையை முடித்தவர், எனக்கு உதவுகிறேன் பேர்வழி என்று துண்டுகளையும் தானே திருப்பி அடுக்கிவிட்டார்.

"எப்படிங்க அடுக்கினீங்க?" என்றேன் காலையில், கம்ப்ரஸரைச் சரிபார்க்க மறுபடி வந்தவரிடம்.

"பெட்டில மேல இருந்தது மேல, கீழ இருந்தது கீழ. ஒண்ணுகூட மாறல," என்றார் பெருமையாக.

பெட்டியில் முதலில் வைத்ததுதானே அடியில் போகும்? நான் எந்தத் தட்டை முதலில் காலி செய்தேன்? மண்டையைக் குடைந்து பார்த்தும் ஞாபகம் வரவில்லை. பத்து மணிக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் ரம்பத்தோடு வருவாள். நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய பனி அது. வெட்டி உருக்கிவிட்டால் போனது போனதுதான். துருவம் மாறிக் கிடந்தால் அவள் உழைப்பு மொத்தமும் குப்பை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். சரியாகவே இருந்தாலும் இருக்கலாமே! அப்படி நினைத்ததற்காக என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. அவள் வந்து குளிர்கோட்டை மாட்டும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "தட்டுக்கு ஒண்ணு எடுங்கக்கா," என்றாள். வெளிப்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளிருந்து கைப்பிடியளவு உடைத்து, தனித்தனிப் பையில் போட்டு வெந்நீரில் வைத்தாள்.

"வடக்குல நடுவுல கடல், சுத்தி நிலம். ஜனங்க, ஆலைங்க எல்லாம் பக்கத்துலயே. நூறு வருஷத்துப் புகை அந்தப் பனில படிஞ்சிருக்கும். தெற்குல நடுவுல நிலம், சுத்திக் கடல். பக்கத்து வீடுன்னே ஒண்ணு கிடையாது."

"கொடுத்து வச்ச இடம்," என்றார் என் வீட்டுக்காரர். நான் முறைத்த முறைப்பில் கருவிப் பையைக் கிளற ஆரம்பித்தார்.

உருகிய தண்ணீரை வடிதாள்களில் ஊற்றினாள். மேல் தட்டுத் தாள் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. கீழ் தட்டுத் தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. மாறித்தான் கிடக்கிறது!

"ஒண்ணோட ஒண்ணு கலந்திருந்தா?" என்றேன். மிச்சமிருந்த பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மேலே ஆறும் வெள்ளை, கீழே ஆறும் சாம்பல். ஒன்றுகூடக் கலக்கவில்லை. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய பாரம் இறங்கியது.

"நான் சரியாத்தானே வச்சேன்?" என்றார் அவர்.

"சரியாத்தான் வச்சீங்க. உலகத்தைத்தான் தலைகீழா வச்சீங்க."

"பெட்டில தலைகீழா போட்டது யாரு?"

மூன்று பேரும் சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா," என்றாள் அந்தப் பெண், தாள்களை வெளிச்சத்தில் பிடித்தபடி, "ரெண்டு மாசம் கழிச்சு ஏதோ இடிக்குதேன்னு தோணியிருக்கும். அப்ப எது எதுன்னு பார்க்க மிச்சப் பனி இருந்திருக்காதுக்கா." தாள்களை ஒன்று விடாமல் இன்னொரு தடவை எண்ணினாள். இவ்வளவு நேரம் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கையுறையை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போனேன். பென்சிலை எடுத்து, பன்னிரண்டு பைகளிலும் வடக்கு, தெற்கு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.