கீரைக்குப் பின்னால் ஒளித்த பாட்டில்

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து ஒனேலியா வீடு திரும்பியபோது, அவள் கணவர் சிரிலோ நல்ல பிள்ளையாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் தானாக ஜெபமாலையைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. மிஷினை எடுத்து அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இருநூற்று அறுபத்தெட்டு.

சிரிலோவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். பானி ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டிய வலது கை மடியில் சும்மா கிடந்தது. கால் தேறிவிட்டது, கை தேறவில்லை. சர்க்கரை ஏறினால் கை தேறுவதும் தள்ளிப்போகும் என்று எச்சரித்திருந்தாள் பயிற்சி கொடுக்க வரும் யொகாஸ்தா. தினமும் ஒரு பாட்டிலை நீட்டி, வலது கையால் மூடியைத் திருகச் சொல்வாள். சிரிலோ பெருமூச்சு விடுவார். மூடி அசையாது. சலூனை மருமகனிடம் விட்டுவிடலாமா என்று ஒனேலியாவே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பாயசம்போல் காய்ச்சிய இனிப்பு பீன்ஸ் வீட்டுக்கு வீடு போகும். வேண்டாம் என்றால் ஒரு வருடத்துக்குப் பேச்சு இருக்காது. பக்கத்து வீட்டு பேலா காலையில் கொடுத்த பாட்டிலை ஒனேலியா இறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் கீரைக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். ஒற்றைக் கை மனுஷனுக்குப் பூட்டு எதற்கு என்று நினைத்தாள்.

இப்போதும் பாட்டில் அங்கேதான் இருந்தது. மூடியும் இருந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை.

பேலா காலி பாட்டிலைக் கொடுத்திருப்பாள் என்றார் சிரிலோ. பிறகு பூனை மேல் பழி போட்டார்.

"பூனை மூடி திறக்குதா? அப்போ சலூனையும் அதுகிட்டயே குடுத்துரலாம்யா."

சொல்லிக்கொண்டே அவர் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். இடது கையைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். வலது கை விரலிடுக்கில் பாகு பிசுபிசுத்தது. நான்கு மாதமாக அந்தக் கையை யார் ஒரு பொருட்டாக நினைத்தார்கள், கழுவ ஞாபகம் வர?

சிரிலோவுக்கு இக்கட்டு. ஒப்புக்கொண்டால் திருட்டு, மறுத்தால் பெருமையெல்லாம் பூனைக்கு.

"தெறந்தது நான்தான்," என்றார் நிமிர்ந்து. "சாப்பிட்டது யாருன்னு எனக்குத் தெரியாது."

ஒனேலியா சட்டென்று ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேசையில் தட்டு இல்லை. மூடிய பாட்டில் ஒன்று இருந்தது.

"சர்க்கரை போடாத பீன்ஸ். தெறந்தா சாப்பாடு."

"இது வைத்தியமா, தண்டனையா?"

"மொதல்ல தெற. அப்புறம் சொல்றேன்."

மூன்றாவது திருகலில் மூடி கிறீச்சிட்டது. ஒனேலியா மருமகனுக்குப் போன் போட்டு, சலூன் விஷயம் இப்போதைக்கு வேண்டாம் என்றாள். பிறகு மதியத்துக்கான பாட்டிலை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடினாள்.