மூன்று மடங்குப் பட்டை

சிராகூஸ் துறைமுகத்தில் சூரை மீனின் குடலையும் உப்பையும் ஆளுயர மண்ஜாடிகளில் கொட்டி வெயிலில் அழுக விடுவோம். அதில் வடிகிற சாற்றைத்தான் பெரிய வீடுகளில் விரல் நக்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த நாற்றம் எப்போதோ பழகிவிட்டது.

ஒரு ஜாடி விரிசல் விட்டது. சுற்றி வெண்கலப் பட்டை போடச் சொன்னார் முதலாளி மெனெஸ்டோர். "குறுக்களவுக்கு மூணு மடங்கு. எங்கப்பன் காலத்துக் கணக்கு."

அவர் மகளைக் கட்டப்போகிற யூக்ரிதோஸ் வடிவக்கணக்குப் படிப்பவன். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு மணலில் வட்டம் போட்டான். அதற்குள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு, சுற்றிவர ஆறு சம கோடு இழுத்தான்.

"மாமா, இந்த ஆறு கோடும் சேந்தாத்தான் மூணு மடங்கு. வட்டம் அதுக்கு வெளிய புடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. ஆறு கோட்டப் பன்னெண்டு, இருவத்திநாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே போனா, மூணுக்கு மேல ஏழுல ஒரு பங்கு, அதுல துளி கம்மி, அவ்வளவு வரும்."

"அந்த ஏழுல ஒரு பங்கக் கொல்லன் திங்கவா? போப்பா."

பட்டை வந்தது. முனைகள் சேரவில்லை. ஒரு சாண் இடைவெளி.

"டேய் சோசிஸ், கயித்தால இழுத்துக் கட்டுடா."

சோசிஸ் அடிமை. என்னோடு மீன் அறுப்பவன். "நிக்காதுங்க எசமான்."

"கட்டுன்னா கட்டு."

உச்சி வெயிலில் உள்ளே பொங்கி, கயிறு அறுந்து, ஜாடி பிளந்தது. புழுவும் குடலுமாகச் சோசிஸ் தலையில் கொட்டியது. மெனெஸ்டோர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனார். "கட்டத் தெரியாத நாயி. கல்குழிக்கு அனுப்புங்க."

பாறை வெட்டுகிற அந்தக் கல்குழிக்குப் போய்த் திரும்பியவனை நான் பார்த்ததில்லை. யூக்ரிதோஸை வழிமறித்தேன்.

"தம்பி, அளவு தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் செருப்பைச் சுவரில் தேய்த்தான். "நான் சொன்னது மணல்ல போட்ட வட்டத்த. சட்டி பானைக்கெல்லாம் நான் ஆளில்ல. தள்ளி நில்லு, நாறுற."

சோசிஸை இழுத்துப் போனார்கள். "அண்ணே, ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொல்லுண்ணே" என்றான். அதற்கும் விடவில்லை.

மறுநாள் வேறொரு ஜாடிக்குப் பட்டை அளக்கக் கொல்லன் வந்தான். மெனெஸ்டோர் அவன் காதருகே குனிந்தார்.

"மூணு மடங்கு வெட்டி, ஏழுல ஒரு பங்கும் சேத்துக்க."

நான் பக்கத்தில் குடல் அள்ளிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். இத்தனை வருஷத்தில் அந்த முற்றத்தில் நான் வாந்தி எடுத்தது அன்றைக்குத்தான்.