அம்மாவுக்கான விண்ணப்பம்

அம்மாவை நிரந்தரமாக என்னோடு வைத்துக்கொள்ள நான் விண்ணப்பம் போட்டு மூன்று வருடமாகிறது. என் சம்பளச் சீட்டு, வாடகைப் பத்திரம், அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே என்று கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. விசா இதோ வந்துவிடும் என்று அம்மாவுக்குக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். அவசரக்காரி நான், என்ன செய்வது. அந்தக் கட்டிலில் ஒரு வருடமாக மடிக்காத துணிதான் மலையாகக் கிடந்தது.

விசாவுக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. நான் பிறந்தபோது அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை. நான் பிறந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை. ஆகவே தாயும் மகளும்தான் என்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து காட்டவும். அறுபது நாள் கெடு.

நான் வேலை பார்ப்பது பல் செட்டு செய்யும் லேபில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், விரல்களில் பிளாஸ்டர் மாவு காய்ந்திருக்க, அதைப் படித்தேன். அந்தப் பரிசோதனையில் நாங்கள் தேற மாட்டோம். என்னைப் பெற்றது அம்மா இல்லை, அம்மாவின் தங்கை. என் சித்தி.

அம்மாவுக்குப் பிள்ளையில்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்த சித்திக்கு இரண்டு பையன்கள். மூன்றாவதாக நான் பிறந்தேன். மூன்றாம் நாள் என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அக்கா மடியில் போட்டுவிட்டாள். கோர்ட்டாவது, தத்துப் பத்திரமாவது! கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்க யார் பத்திரம் எழுதுகிறார்கள்? பிறப்பைப் பதியப் போன அப்பா, தாய் பெயர் என்ன என்று கேட்டதும் கூசாமல் தன் மனைவி பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அதை அவர் பொய்யாகவே நினைத்திருக்க மாட்டார். மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரிடம் சண்டை போடுவது.

எனக்கு இது பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். சித்தியின் பெரிய பையன் ஒரு சைக்கிள் சண்டையில் போட்டு உடைத்துவிட்டான். நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்த நான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருபத்தோரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

லேபில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி, நம் ஆள்தான், அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியதும் ஒரு யோசனை சொன்னாள். "உங்க சித்தி வாயில பஞ்சுக் குச்சிய விட்டு எடுத்து அம்மா பேர்ல அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குச் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். ஆனால் போட்டோ எடுத்து, கைரேகை வாங்கித்தான் மாதிரி எடுப்பார்களாம். மாட்டினால் ஆயுசுக்கும் கதவு சாத்திவிடும். எனவே என் விசா விண்ணப்பத்தைப் பார்க்கிற வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "பெத்தவங்கள கூப்பிடுறது சுலபம். டெஸ்ட் பொருந்தும், ஒரே வருஷத்துல வந்துடுவாங்க" என்றார்.

"நான் அம்மாவைத்தான் கூப்பிடணும்."

"அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லணும். பெத்துக் குடுத்தேன்னு அவங்க ஒரு வாக்குமூலம், நான் பெறல, வளர்த்தேன்னு இவங்க ஒரு வாக்குமூலம். கூடவே ஸ்கூல் பேப்பர், பழைய போட்டோ எல்லாம் வைப்போம். அதிகாரி ஏத்துக்கிட்டா சரி. இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அக்காவும் தங்கையும் வழக்கம்போல ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, நான் செய்து அனுப்பிய பல் செட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, ஒரு பேப்பர் வரும். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"என்ன பேப்பரு?"

"என்னைப் பெத்தது சித்தின்னு."

சித்தி எழுந்தாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"உக்காரு சித்தி, பொங்கினா பொங்கட்டும்!"

அம்மா சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தாள். அதை மாற்ற அவளுக்கு நேரம் பிடித்தது. "எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து."

"உனக்கு அம்மை போட்டப்பவுமா?"

"அதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுதான் பதினாறு நாள் என் மடிய விட்டு எழுந்துக்க மாட்டேன்னு கிடந்தியா?"

"ஆமா."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சரி, இளகிவிட்டாள் என்று நினைத்தேன். அவளாவது இளகுவதாவது!

"நான் பெறலன்னு என் கையால எழுதிக் குடுத்துத்தான் உன் வீட்டுக்கு வரணும்னா, எனக்கு அந்த நாடே வேண்டாம். இத்தனை வருஷம் ஒரு நாக்கு அதைச் சொல்ல நான் விட்டதில்ல. இப்ப நானே சொல்லணுமா?"

"ஒரு கையெழுத்தும்மா! உனக்காக மூணு வருஷமா நாயா அலையறேன். கட்டில் வாங்கிப் போட்டுட்டுத் தனியா உக்காந்திருக்கேன்!"

"அந்தக் கட்டில்ல உன்னைப் பெத்தவள கொண்டுபோய்ப் படுக்க வை" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குத் திரும்பக் கூப்பிட ரோஷம். அவளுக்கும் ரோஷம். எழுபத்தொன்பது வயதில் எங்கிருந்துதான் வருமோ. இருபது நாள் பேச்சில்லை. லேபில் இரண்டு செட்டுக்குப் பல் நிறத்தை மாற்றி வைத்துத் திட்டு வாங்கினேன். கெடு மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வராமலே போய்விடுவாளோ என்று துணி மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் ஓவென்று அழுதேன்.

நாற்பத்தோராம் நாள் வக்கீலம்மா அலுவலகத்துக்குக் கூரியர் வந்தது. இரண்டு வாக்குமூலமும் இருந்தன. அம்மாவுடையதில் கையெழுத்து பேப்பரைக் கிழிக்கிற அழுத்தத்தில் இருந்தது. சித்தி நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாள்: 'இவளை நான் பெற்றேன். மூன்றாம் நாள் என் அக்காவிடம் கொடுத்தேன். திரும்பக் கேட்கவில்லை.'

வக்கீலம்மா அடியில் இருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். விண்ணப்பதாரருக்கு உங்கள் உறவு என்ன என்று கேட்டிருந்தது. அங்கே சித்தி, 'சித்தி' என்று எழுதியிருந்தாள்.

"பெற்ற தாய்னு மாத்தி வாங்குங்க. இப்படியே போனா அதிகாரி குழம்பிடுவாங்க."

அங்கேயே உட்கார்ந்து சித்தியைக் கூப்பிட்டேன்.

"பெத்தேன்னு மேலயே எழுதியிருக்கேனே, வாயாடி" என்றாள் சித்தி. "அது நடந்தது. கீழ உறவு என்னன்னு கேட்டிருக்கான். உறவு சித்திதான்."

"சித்தி, இதனால அம்மா வர்றதே நின்னு போயிடும்."

"இதைக் காட்டித்தான் உங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கினேன். நாலு நாள் அவ வீட்டு வாசல்படியிலயே உக்காந்திருந்தேன், கதவைத் திறக்கல. இந்தக் கட்டத்தை ஜன்னல் வழியா நீட்டின பிறகுதான் திறந்தா. இப்ப மாத்தினா அவ தன்னோடதைக் கிழிச்சு எறிஞ்சிடுவா. அப்படியே அனுப்பு."

அப்படியே அனுப்பினோம். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒரு விளக்கத் தாளையும் சேர்த்து வைத்தார். ஏழு மாதம் நகம் கடித்தேன். ஒரு புதன்கிழமை, ஏற்றுக்கொண்டோம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அம்மா வந்த மறுநாள் காலை, துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்த கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடித்தவளும் அவள்தான், என்னைத் திட்டிக்கொண்டே. நான் சமையலறைக்குப் போய்ச் சித்தியைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் யார் பேச்சுச் சத்தமும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவை நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சித்தி, உன்னையும் கூப்பிட வழி இருக்காம். வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டேன். தனி விண்ணப்பம்."

"அதுலயும் உறவுக் கட்டம் இருக்குமா?"

"இருக்கும்."

"என்ன எழுதணும்?"

"அம்மான்னு."



"வேண்டாம்டி. போனை உங்கம்மாகிட்ட குடு."