ஆறு வாய்ப்புகளும் பத்திரமாக

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொய் கௌஷல் ஜாவுடையது. அதைக் கட்டிக் காத்தவன் நான்.

தில்லி முகர்ஜி நகரில் எட்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஐஏஎஸ் தேர்வில் மூன்று முறை தோற்றதும் நான் ஆளை விடு சாமி என்று, ஒரு பயிற்சி மையத்தில் விடைத்தாள் திருத்தும் வேலைக்குப் போனேன். கௌஷலுக்கு பீகாரில் மதுபனி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் நான் தெற்கத்திக்காரன் என்பதால் என்னை 'அண்ணா' என்பான். அந்த ஊரில் நாமெல்லாம் அண்ணாதான்.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: 'தோல்விமேல் தோல்வி கண்டு களைத்த அந்த இளைஞன், தேர்வு மையத்தின் வாசலில்...'

அடித்துவிட்டேன். அவன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

2

(விதி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பொதுப் பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, முப்பத்திரண்டு வயது வரை. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளுக்காவது போய் உட்கார்ந்தால்தான் ஒரு வாய்ப்பு கழியும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கழியாது. படித்தது போதவில்லை என்று ஒரு வருடத்தை விட்டுவிடுவது எங்கள் பேட்டையில் சகஜம். கௌஷல் எல்லா வருடத்தையும் விட்டான்.)

ஒவ்வொரு ஜூனிலும் முகம் மழித்து, கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்புவான். மாலையில் தங்கை விபாவுக்குப் போன் போட்டு, எழுதியாகிவிட்டது, கேள்விகள் கடினம் என்பான். ஊரில் அவன் அப்பா, பையன் இந்தத் தடவை மயிரிழையில் தவறவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான்காம் வருடம் கைக்கடிகாரத்தை மறந்து போய்விட்டான். கொடுக்கலாமென்று பின்னாலேயே ஓடினேன். மையத்துக்கு எதிர்ப் பூங்காவில் உட்கார்ந்து, உப்புத் தொட்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான்.

"உள்ள போகலையா ஜா ஜி?"

"இந்த வருஷம் மனசு சரியில்ல அண்ணா. வாய்ப்ப வீணாக்கக் கூடாதுல்ல." அப்புறம், "விபாகிட்ட சொல்லிடாத" என்றான்.

3

இங்கே வாசகருக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஒரு பிரதியில் அவனைச் சோம்பேறி ஆக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அன்று மாலையே யாரிடமோ வினாத்தாளை வாங்கிவந்து, அதே கடிகாரத்தை முன்னால் வைத்து, இரண்டு மணி நேரத்தில் எழுதினான். நான்தான் திருத்தினேன். பிறகு வெளியான கட்-ஆஃபைவிடப் பதினொன்று அதிகம். அடுத்த வருடம் ஒன்பது. அதற்கடுத்து பதினான்கு.

சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. அவன் தேறிவிட்டால் அந்த அறையில் தோற்றவன் நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இதை விட்டுவிட்டால் இந்தக் கதையே

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கிடக்கட்டும்.)

4

கடைசி ஜூன். அடுத்த வருடம் விண்ணப்பிக்க வயது இருக்காது. முந்தின நாள் விபா எனக்குப் போன் செய்தாள். அவள் கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்ப்பவள், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"நாளைக்கு நீங்களும் கூடப் போங்க. அண்ணன் உள்ள போறத உங்க கண்ணால பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. பாஸாகணும்னு இல்ல. போனாப் போதும்."

எத்தனை வருடமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் போனோம். ஒன்பது இருபதுக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒன்பதே காலுக்கு அவன் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டான். அனுமதிச் சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது.

"ஆறும் அப்படியே இருக்கு அண்ணா" என்றான். "உள்ள போயிட்டா நான் யாருன்னு தெரிஞ்சு போயிடும்."

5

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) போகிறான், தேறுகிறான், மதுபனியில் மாலையும் மேளமும். விடைத்தாள் திருத்துகிறவனாக இதற்குச் சுழியம் போட்டேன்.

(ஆ) போகிறான், தோற்கிறான். விபா அழுதுவிட்டு, அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள். இது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே நம்பிக்கை வரவில்லை.

(இ) வெள்ளரிக்காய்.

அன்று நடந்தது எனக்குத் தெரியும். அதை எழுதினால் கதை முடிந்துவிடும். முடிந்தால் யாருக்காவது அனுப்ப வேண்டும். அனுப்பினால் திரும்பி வரும். ஆறு வருடமாக இதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அனுப்பாத கதையை எந்தப் பத்திரிகையும் நிராகரித்ததில்லை. யாரிடமிருந்து தொற்றிக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே ஒன்பது பதினெட்டிலேயே நிறுத்துகிறேன். காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதில் கை வைத்திருக்கிறார். அதற்குள் என் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. எடுத்துவிட்டேன். உங்களிடம் நீட்டுகிறேன், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விபாதான். "போயிட்டானா?" என்று கேட்கிறாள்.